16 வயதுப் பையனோடு டெக்சாஸ் போகிறோம்: 17 ஆனால் பெரியவர்கள் கோர்ட்டா?

கேரி செல்வம்

எல்லோருக்கும் வணக்கம். நார்த் கரோலினாவில் கேரி பக்கம் இருக்கிறோம். ஜூனில் கம்பெனி டெக்சாஸுக்கு மாற்றுகிறது, ஃப்ரிஸ்கோவில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெரியவனுக்கு இப்போது 16, அக்டோபரில் 17 ஆகிறது. நான் எச்1பி வேலை விசா, அவன் என்னைச் சார்ந்து வருகிற எச்-4. கிரீன் கார்டு கதையை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

போன மாதம் அவன் பள்ளியில் பாத்ரூமில் வேப் பேனாவோடு சில பையன்கள் பிடிபட்டார்கள். இவன் அதில் இல்லை. ஆனால் பிடிபட்டவர்களில் ஒருவன் வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவன். பேனாவில் இருந்தது நிகோட்டின் இல்லை, கஞ்சாவின் போதைச் சத்தான டிஎச்சி எண்ணெய். ஜுவனைல் (சிறார்) கோர்ட் கவுன்சிலர் அப்பா அம்மாவையும் பையனையும் கூப்பிட்டுப் பேசினாராம். வகுப்புக்குப் போக வேண்டும், சமூக சேவை செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, கோர்ட் படி ஏறாமலே முடித்துவிட்டார்கள்.

இதை டாலஸில் இருக்கும் மச்சானிடம் சொன்னேன். "மாமா, இங்கே 17 ஆகிவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது, நேரே கவுண்டி ஜெயில்தான்" என்கிறான். அவன் எதையும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்கிற ஆள். அதனால்தான் இங்கே கேட்கிறேன். இது உண்மையா? ஒரே நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் பிள்ளை என்பதற்கு வயது மாறுமா? இங்கே 16 வயதில் நடந்த ஏதாவது, அங்கே போனபின் 17 வயதுக் கணக்கில் வருமா? விசாவுக்கு இதனால் என்ன ஆகும்?

ஊர்சுற்றி

செல்வம் சார், அமெரிக்காவில் மேஜர் என்றால் 18. ஓட்டுரிமை 18, பெற்றோர் சம்மதம் இல்லாமல் ராணுவத்தில் சேரவும் 18. மச்சான் சும்மா பயமுறுத்துகிறார். நிம்மதியாகப் போய் வாருங்கள்.

டெக்சாஸ் மீனாட்சி

ஊர்சுற்றி தம்பி, நல்ல மனசோடு சொல்கிறீர்கள், ஆனால் தப்பு. செல்வம் சாரின் மச்சான் சொல்வதுதான் சரி.

நான் டெக்சாஸில் ஒரு கவுண்டியில் ஜுவனைல் ப்ரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) ஆபீஸர். ஊர் அம்பாசமுத்திரம், தொழில் இங்கே. என் மேஜைக்கு வருகிற பிள்ளைகள் 10 வயதிலிருந்து 16 வரை. பதினேழாவது பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி வரை செய்தது என்னிடம் வரும், மறுநாள் செய்தது வராது. இந்த மாநிலத்தில் சிகரெட்டோ வேப்போ வாங்க 21 ஆக வேண்டும், லாட்டரிச் சீட்டு வாங்க 18, ஓட்டுப் போட 18. கைவிலங்குக்கு மட்டும் 17 போதும். இதை மாற்ற எத்தனையோ மசோதா வந்துவிட்டது. 2017-ல் ஹியூஸ்டன் எம்எல்ஏ ஹெரால்ட் டட்டன் கொண்டுவந்த எச்பி 122 என்ற மசோதா கீழவையில் நிறைவேறியது. செனட்டுக்குப் போய் அங்கேயே படுத்துவிட்டது.

இதே வழக்கம் உள்ள மற்ற மாநிலங்கள் ஜார்ஜியாவும் விஸ்கான்சினும். லூசியானா 18-க்கு ஏற்றிவிட்டு 2024-ல் திரும்ப 17-க்கு இறக்கிக்கொண்டது. அட்லாண்டா பக்கம் இருக்கிற நம்மவர்களும் இதைப் படித்தால் நல்லது.

இனி அந்த வேப் பேனா. கேரியில் அந்தப் பையனுக்குச் சின்ன கேஸாக முடிந்தது. இங்கே கதை வேறு. டெக்சாஸில் கஞ்சா இலை கையில் இருந்தால், நான்கு அவுன்ஸ் வரை மிஸ்டிமீனர், அதாவது சின்னக் குற்றம். அதே செடியின் டிஎச்சி எண்ணெய் என்றால் சட்டத்தில் வேறு பட்டியல், பெனால்டி குரூப் 2. ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலே 'ஸ்டேட் ஜெயில் பெலனி', அதாவது பெரிய குற்றம். 180 நாள் முதல் 2 வருஷம் வரை. எண்ணெயில் கலந்திருக்கும் மற்றதையும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள். கட்டைவிரல் நீளப் பேனா ஒன்று, அதற்கு பெலனி! பள்ளிக்கூட எல்லைக்குள் என்றால் தண்டனை இன்னும் ஏறும். "கடையில் ஹெம்ப், சட்டம் அனுமதித்த டிஎச்சி குறைந்த செடி, என்று சொல்லித்தான் விற்றார்கள்" என்ற வாதத்தை லேப் ரிப்போர்ட் வந்தபின் வக்கீல் பேசலாம். பள்ளி நடைபாதையில் நிற்கிற போலீஸ்காரருக்கு அதை ருசிபார்த்துச் சொல்லத் தெரியாது.

ஒரே பேனா, இரண்டு பையன்கள், ஒருவனுக்கு 16 முடியவில்லை, இன்னொருவனுக்கு 17 ஆகி ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கும்?

சின்னவனைப் பிடித்தால் உடனே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். ஸ்டேஷனில் எந்த அறையில் வேண்டுமானாலும் உட்கார வைக்க முடியாது, அதற்கென ஒதுக்கிய அறையில்தான், அதுவும் ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது. காவலில் வைத்து எழுத்து வாக்குமூலம் வாங்க வேண்டுமென்றால் மாஜிஸ்ட்ரேட் முன்னால் கொண்டுபோக வேண்டும். கையெழுத்துப் போடும் நேரத்தில் போலீஸ் யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. டிடென்ஷனில், அதாவது சிறார் காவல் இல்லத்தில், வைத்தால் இரண்டாவது வேலை நாளுக்குள் நீதிபதி பார்க்க வேண்டும். அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டுமென்றால் பத்து வேலை நாளுக்கு ஒரு முறை காரணம் சொல்ல வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும், ஏனென்றால் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுவதுதான் என் வேலை. பையன் ஷூ லேஸையும் கழுத்துச் செயினையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு ரப்பர் செருப்போடு உட்கார்ந்திருப்பான், நான் அவன் அம்மாவிடம் பள்ளி மார்க், தூக்கம், கூட்டாளிகள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

பெரியவனுக்கு இதில் எதுவும் கிடையாது. அம்மாவைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. கவுண்டி ஜெயிலில் புக்கிங், கைரேகை, போட்டோ. 18-க்குக் கீழே என்பதால் பெரிய கைதிகளிடமிருந்து பிரித்து வைக்கிறார்கள். ஆனால் இடம் ஜெயில்தான், ஜாமீன் பணமும் ஜாமீன் பணம்தான். பல கவுண்டிகளில் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஜெயில் வெப்சைட்டிலேயே தேடிப் பார்க்கலாம். என் பக்கத்துப் பிள்ளைகளின் கோப்பு ரகசியம். பெரியவன் பெயர் மறுநாள் காலை நம் ஊர்க்காரர் வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கும். ஜெயிலை விட அதற்குத்தான் பயந்து ஒரு அப்பா என்னிடம் வந்து அழுதிருக்கிறார். பையனுக்கு 17 ஆகிவிட்டதால் என்னால் செய்ய ஒன்றுமே இல்லை, ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

உங்கள் அடுத்த கேள்வி. கணக்கு எப்போதும் சம்பவம் நடந்த நாளின் வயது, நடந்த இடத்தின் சட்டம். கேரியில் 16-ல் நடந்தது நார்த் கரோலினாவோடு போச்சு. டெக்சாஸ் அதை எடுத்து மறுபடி வழக்குப் போடாது.

விசா. நான் இமிக்ரேஷன் வக்கீல் இல்லை, ஆனால் இது தெரியாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஜுவனைல் கோர்ட்டில் வருகிற தீர்ப்பு, குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி என்ற தீர்ப்பு, அதாவது 'கன்விக்‌ஷன்' ஆகாது. 2000-ல் இமிக்ரேஷன் மேல்முறையீட்டு வாரியம் டெவிசன் வழக்கில் சொன்னது அது. பெரியவர்கள் கோர்ட்டில் 17 வயதில் வாங்கியது கன்விக்‌ஷன் ஆகும். அதிலும் ஒரு பெரிய பொறி இருக்கிறது. 'டெஃபர்ட் அட்ஜுடிகேஷன்' என்று இங்கே ரொம்பப் புழக்கம்: குற்றத்தை ஒத்துக்கொள், ப்ரொபேஷனை ஒழுங்காக முடி, டெக்சாஸ் சட்டப்படி உன்மேல் கன்விக்‌ஷன் இல்லை. கேட்கச் சுகமாக இருக்கும், அமெரிக்கப் பிள்ளைக்கு நல்லதுதான். ஆனால் 1996-லிருந்து ஃபெடரல் குடியேற்றச் சட்டம் அதையும் கன்விக்‌ஷனாகவே எடுத்துக்கொள்கிறது. போதைப்பொருள் என்றால் எச்-4 பையனுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுமுன் கிரிமினல் வக்கீலோடு இமிக்ரேஷன் வக்கீலும் பார்த்தாக வேண்டும். நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று சுப்ரீம் கோர்ட்டே 2010-ல் படில்லா வழக்கில் சொல்லியிருக்கிறது. கேட்க வெட்கப்படாதீர்கள். ஜுவனைல் கேஸ் என்றாலும் பிற்பாடு படிவங்களில் "எப்போதாவது கைதானதுண்டா" என்று கேட்பார்கள், அதை மறைக்காமல் வக்கீலிடம் சொல்லிவிட வேண்டும்.

ஷார்லட் பாபு

மீனாட்சி அக்கா எழுதியதற்கு நன்றி. செல்வம் அண்ணா, நார்த் கரோலினாவை ரொம்பச் சொர்க்கமாக நினைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம், அதனால் இந்தப் பக்கக் கதையையும் சொல்கிறேன். நான் வக்கீல் ஆபீஸில் பாராலீகல்.

இங்கே 1919 முதல் ஒரு நூறு வருஷம் 16 வயதே பெரியவர்கள் கணக்கு. நாட்டிலேயே கடைசியாக அதை விட்டது இந்த மாநிலம்தான். 2017-ல் சட்டம் போட்டு, 2019 டிசம்பர் 1-லிருந்து 16, 17 வயதுக்காரர்களை ஜுவனைலுக்குக் கொண்டுவந்தார்கள். 2020 ஆகஸ்டிலிருந்து 18-க்குக் கீழே யாரையும் பெரியவர்கள் ஜெயிலில் வைப்பதில்லை, வழக்கு பெரியவர்களுக்கான சுப்பீரியர் கோர்ட்டில் நடந்தாலும் டிடென்ஷன் சென்டர்தான். இதெல்லாம் நல்லதுதான்.

அப்புறம் காற்று திரும்பியது. 2024-ல் எச்பி 834 என்ற மசோதா வந்தது. கவர்னர் ராய் கூப்பர் வீட்டோ போட்டார், சட்டசபை அதைத் தாண்டி நிறைவேற்றியது. 2024 டிசம்பர் 1 முதல், 16-17 வயதில் ஏ முதல் ஈ வகை வரையிலான கடுமையான பெலனி என்றால் வழக்கு பெரியவர்கள் கோர்ட்டிலேயே தொடங்கும். முன்பு ஜுவனைலில் தொடங்கி, பிறகு மாற்றுவார்கள். இப்போது தலைகீழ்: பிராசிக்யூட்டரும் டிஃபென்ஸும் சேர்ந்து கேட்டால்தான் ஜுவனைலுக்கு வரும். கேட்க நுணுக்கமாக இருக்கும், நடைமுறையில் ஆயுதம் காட்டிப் பறிப்பது டி வகை. பார்க்கிங்கில் கூட்டாளி ஒருவன் துப்பாக்கியைக் காட்டி ஏர்பாடைப் பிடுங்கினான், நம் பையன் அதற்கு உடந்தையாகக் கூட நின்றான் என்றால், இரண்டு பேருக்கும் அதே வகைதான்.

இன்னொன்று, நம்மவர்கள் யாருக்கும் தெரிவதே இல்லை. வண்டி ஓட்டும் குற்றங்கள் 2019-ல் அமலான அந்தச் சட்டத்திலேயே சேரவில்லை. 16 வயதுப் பையன் மணிக்கு 80 மைலுக்கு மேல் ஓட்டிப் பிடிபட்டால் அது வெறும் டிக்கெட் இல்லை, மிஸ்டிமீனர், பெரியவர்கள் கோர்ட்டில். குடித்துவிட்டு ஓட்டினாலும் அப்படியே. ஆகவே ஜூன் வரை கார் சாவி விஷயத்தில் கறாராக இருங்கள்.

பள்ளிக்கு மிரட்டல் விடும் 'ஜோக்'குகளும் இருக்கின்றன. ஸ்னாப்சாட்டில் ஒரு வரி போதும், 2018 சட்டப்படி எச் வகை பெலனி. அது ஜுவனைலில் தொடங்கும், நீதிபதி நினைத்தால் மாற்றலாம்.

நேர்மை நாகா

எல்லோரும் பிள்ளை பிள்ளை என்று உருகுகிறீர்கள். லூசியானாவில் ஏன் திரும்ப இறக்கினார்கள்? 17 வயதில் துப்பாக்கியோடு கார் திருடுகிறவன் பிள்ளையா? என் கார் ஒரு முறை போனது, எடுத்தவனுக்கு 15, அடுத்த வாரமே வெளியே நின்றான். ஜுவனைல் கோர்ட் என்றால் தட்டிக்கொடுத்து அனுப்பும் இடம் என்று அவர்களுக்கே தெரியும்.

டெக்சாஸ் மீனாட்சி

நாகா சார், கார் போன கோபம் நியாயம். நானும் பாதிக்கப்பட்டவர்களோடு பேசுகிறவள்தான். ஆனால் தட்டிக்கொடுப்பது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டெக்சாஸ் ஜுவனைல் சட்டத்தில் 'டிடர்மினேட் சென்டன்ஸ்' என்று ஒன்று உண்டு. கொலை மாதிரி கடுமையான குற்றத்துக்கு ஜுவனைல் கோர்ட்டே 40 வருஷம் வரை கொடுக்கலாம். சிறார் இல்லத்தில் தொடங்கி, பெரியவர்கள் சிறைக்கு மாற்றலாம். அது போதாது என்றால் 14 வயதிலேயே, மிகக் கடுமையான குற்றங்களுக்கு, பெரியவர்கள் கோர்ட்டுக்கு அனுப்ப நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. மற்ற பெலனிகளுக்கு 15. அதாவது ஆபத்தானவனைப் பெரியவர்கள் பக்கம் கொண்டுபோக வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. 17 என்ற கோடு பிடிப்பது அவனை இல்லை. வேப் பேனாக்காரனையும், வால்மார்ட்டில் ஹெட்போனைப் பையில் போட்டவனையும்தான். லூசியானா 2024-ல் செய்ததும் இதுதான். கொடூரக் குற்றங்களுக்கு மட்டும் இறக்கவில்லை. சில்லறைக் குற்றம் உள்பட எல்லாவற்றுக்கும் 17 என்று ஆக்கிவிட்டார்கள். ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி கையெழுத்துப் போட்டார், ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

ஜுவனைல் கோர்ட் இளக்காரம் என்ற எண்ணம் பழசு, அதற்கு நேர் எதிரான சரித்திரமும் உண்டு. 1964-ல் அரிசோனாவில் ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுப் பையன் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு அசிங்கமாக போன் பேசினான் என்று, 21 வயது வரை அடைத்து வைக்கலாம் என உத்தரவு போட்டார்கள். வக்கீல் கிடையாது, புகார் சொன்னவர் கோர்ட்டுக்கே வரவில்லை. அதையே ஒரு பெரியவர் செய்திருந்தால் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதம். 1967-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்த பிறகுதான் ஜுவனைல் கோர்ட்டில் பிள்ளைகளுக்கு வக்கீல் என்ற உரிமையே வந்தது.

எங்கள் வீட்டு அழுக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ப்ரொபேஷன் ஆபீஸர் தன் டிபார்ட்மெண்டுக்கு விளம்பரம் செய்கிறாள் என்பீர்கள். மாநில அரசு நடத்தும் ஐந்து பூட்டிய சிறார் இல்லங்கள் இங்கே இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் ஜஸ்டிஸ் டிபார்ட்மெண்ட் அந்த ஐந்திலும் அரசியல் சட்ட மீறல் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. அளவுக்கு மீறிய பலப்பிரயோகம், நீண்ட தனிமை அடைப்பு, பாலியல் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கத் தவறியது என்று பட்டியல். 2007-லும் பையோட் என்ற ஊரில் இருந்த பள்ளியில் நடந்தது வெளியே வந்து, மிஸ்டிமீனர் செய்த பிள்ளைகளை அங்கே அனுப்பவே கூடாது என்று சட்டம் மாறியது. நல்லவேளை, என்னிடம் வருகிறவர்களில் மிகச் சிலரே அந்த இல்லங்கள் வரை போகிறார்கள். மற்றவர்கள் கவுண்டியிலேயே, வீட்டிலிருந்தே ப்ரொபேஷன் முடிக்கிறார்கள்.

லூசியானாவும் 2022-ல் பிள்ளைகள் சிலரை அங்கோலா என்ற பெரியவர்கள் சிறையில், முன்பு மரண தண்டனைக் கைதிகள் இருந்த கட்டிடத்துக்குக் கொண்டுபோனது. 2023 செப்டம்பரில் ஃபெடரல் நீதிபதி ஷெல்லி டிக் அவர்களை வெளியே கொண்டுவர உத்தரவிட்டார். சட்டப் புத்தகத்தில் ஜுவனைல் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது சார், எந்தச் சுவருக்குள் என்பதும் இருக்கிறது.

நேர்மை நாகா

அங்கோலா விஷயம் எனக்குத் தெரியாது. 40 வருஷமும் தெரியாது. ஆனால் என் கார் எடுத்தவனுக்கு ஒரு ராத்திரியாவது உள்ளே இருந்திருக்கலாம் என்பதில் மாற்றமில்லை.

கேரி செல்வம்

எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் போல. மீனாட்சி மேடம், கடைசியாக ஒன்று. பையனிடம் என்ன சொல்லி வைப்பது? ரொம்பப் பயமுறுத்தினால் எதையும் வீட்டில் சொல்லாமல் விட்டுவிடுவான். அவன் அம்மா வேறு, இந்த வருஷம் மட்டும் நான் இங்கேயே இருந்து அவனை முடிக்க வைக்கட்டுமா என்கிறாள்.

டெக்சாஸ் மீனாட்சி

மேடம் எல்லாம் வேண்டாம், அக்கா போதும். குடும்பத்தைப் பிரிக்கிற அளவுக்கு இது இல்லை. இங்கே லட்சக்கணக்கான 17 வயதுப் பிள்ளைகள் ஒரு போலீஸ்காரரிடமும் பேசாமலே கல்லூரிக்குப் போகிறார்கள்.

நான் என் மகனிடம் சொன்னதைச் சொல்கிறேன். அடுத்தவன் பையைத் தூக்காதே, உன் பையில் அடுத்தவன் பொருளை வைக்க விடாதே. "இதைக் கொஞ்சம் பிடி" என்று வேப் பேனாவைக் கொடுத்தால் வாங்காதே, வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தால் 'டெலிவரி' என்று அதற்கும் தனி வழக்குப் போட முடியும். உன் காரில் யார் ஏறினாலும் அவன் பையோடுதான் ஏறுகிறான் என்பதை ஞாபகம் வை. போலீஸ் நிறுத்தினால் பெயரைச் சொல், மரியாதையாகப் பேசு, மற்றக் கேள்விக்கெல்லாம் "அப்பா அம்மாவைக் கூப்பிடணும், வக்கீல் இல்லாமல் பேச மாட்டேன்". 17 ஆனபின் உங்களுக்காக அவர்கள் காத்திருக்க மாட்டார்கள், அதனால் வக்கீல் என்ற வார்த்தை அவன் வாயிலிருந்தே வர வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இது கஷ்டம். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லணும் என்றுதானே வளர்த்திருக்கிறோம், அவ்வளவு பவ்யமாக எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும்.

போன் பாஸ்வேர்டும் அப்படித்தான், வாரண்ட் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஃப்ரிஸ்கோ காலின், டென்டன் என்று இரண்டு கவுண்டியில் கிடக்கிற ஊர். வீடு ஒரு பக்கம், பள்ளி இன்னொரு பக்கம் இருக்கலாம். பள்ளி எந்தக் கவுண்டி என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வக்கீலுக்கு போன் செய்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்.